ஆபீஸில் கழித்த சாமான்

ஜனவரி 12

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். அம்மாவும் நலம், அம்மாவின் வலது முழங்கால் மட்டும் நலமில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

போன் இருக்கும்போது தாளில் எதற்கு எழுதுகிறாள் என்று முழிக்காதே. நம் வீட்டில் போன் பேசுவது மேடையில் பேசுவது மாதிரி. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பக்கத்தில் வந்து நின்று, "என்னவாம்? யாருக்கு என்னாச்சு?" என்று போனையே பிடுங்கிக்கொள்வாள். இது அம்மாவுக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாத சமாச்சாரம்.

எங்கள் தண்ணீர் அலுவலகத்தில் பில் போடும் சர்வரை மாற்றுகிறார்கள். பத்தொன்பது வருஷமாக நான் கட்டி மேய்க்கிற சர்வர். அதற்குப் பதிலாக மூன்று வரப்போகின்றன. மூன்றும் ஒரே கணக்கை வைத்திருக்குமாம், ஒன்று படுத்தால் மற்ற இரண்டும் வேலையைப் பார்த்துக்கொள்ளுமாம். கணினி அறையில் இருக்கும் நாங்கள் நாலு பேரும் இதில் பரீட்சை கொடுக்க வேண்டும். எழுத்துப் பரீட்சை இல்லை, கையால் செய்து காட்ட வேண்டும். மே மாதம் ஒரு வாய்ப்பு, கோட்டைவிட்டால் ஆகஸ்டில் இன்னொன்று. அதிலும் தேறாதவர்களின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கமாட்டார்கள். மேலாளர் இதைச் சொன்னபோது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

எனக்கு நாற்பத்தெட்டு முடிந்துவிட்டது. நான் புதிதாகக் கற்கப்போகும் ஐந்தாவது சிஸ்டம் இது. கற்றுக்கொள்வது எனக்குக் கசக்கவில்லை. கற்றதையெல்லாம் மறக்கச் சொல்கிறார்கள் பார், அதுதான் அலுப்பாக இருக்கிறது. இந்த வயதில் இந்த வேலை போனால் வேறு யார் கூப்பிட்டுக் கொடுப்பார்கள், சொல்.

வீட்டில் இருக்கிற கம்ப்யூட்டரோ கிழடு. நாலு ஜிபி மெமரி. ஒரே பெட்டிக்குள் மூன்று சர்வர் ஓடுகிற மாதிரி வைத்துப் பழக வேண்டும். இது ஒன்றை ஓட்டுவதற்கே மூச்சு வாங்குகிறது. புதிது வாங்குகிற பேச்சுக்கே இடமில்லை. நீ பெரிய டேட்டா சென்டரில் இருக்கிறாய், அங்கே கழித்துப் போட்ட மெமரி, டிஸ்க் ஏதாவது கிடைக்குமா? மாடல் எண்ணைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். சும்மா கிடைத்தால் அனுப்பு, காசு போட்டு வாங்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலமும் முழங்காலின் நலமும் அறிய ஆவல்.

நீ பெட்டியைத் திறந்ததும் சாமானை விட்டுவிட்டுக் கடிதத்தைத்தான் எடுப்பாய் என்று தெரியும், அதனால் மேலாகவே வைத்திருக்கிறேன். அடியில் வெள்ளி நிற உறையில் இரண்டு மெமரி இருக்கிறது, ஒவ்வொன்றும் எட்டு ஜிபி. உன் போர்டுக்குப் பொருந்தும், எண்ணைச் சரிபார்த்துவிட்டேன். ஆபீஸில் கழித்த சாமான்தான். இங்கே மூன்று வருஷம் ஆனால் நல்லது கெட்டது பார்க்காமல் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

மாட்டுவதற்கு முன்னால் ப்ளக்கைப் பிடுங்கு. பெட்டியின் இரும்பை ஒருமுறை தொடு, உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கட்டும். பிறகு இரண்டு ஓரமும் 'டக்' என்று சத்தம் போடும்வரை அழுத்து. நீ எதையும் நோகுமோ என்று தடவிக்கொடுக்கிற ஆள். இதில் அந்த இரக்கம் ஆகாது.

அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றால் தெரியாது. கவலைப்படாதே. நீ தேறிவிடுவாய். நம் இரண்டு பேரில் உட்கார்ந்து படிக்கிறவள் எப்போதும் நீதான், நான் குருட்டாம்போக்கில் கரையேறியவள்.

வேலை அதிகம், அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

வாலு

பிப்ரவரி 9

அன்புள்ள வாலுக்கு,

எல்லோரும் சுகம். முழங்காலும் இந்த வாரம் சுகம், அதற்குக் காரணம் நீ. மெமரி மாட்டியதிலிருந்து பெட்டி நாள் பூராவும் ஓடுகிறது, பின்பக்கம் சூடாகக் காற்று வருகிறது. அம்மா நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டு முழங்காலைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒத்தடமாம். "இந்த மெஷின் நல்ல மெஷின்டி, இதை மாத்திடாதே" என்கிறாள்.

இரக்கப்படாமல் அழுத்தினேன். 'டக்' கேட்டது. திரையில் இருபது ஜிபி என்று வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிக்காதே. ஒரு வார வேலை ஒரு மணி நேரத்தில் நடந்தது. மூன்று சர்வரையும் எழுப்பிவிட்டேன். எண் கொடுத்தால் எனக்குக் குழம்புகிறது, அதனால் நம் அத்தைகள் பெயரையே வைத்துவிட்டேன்: பெரியத்தை, நடுவத்தை, சின்னத்தை. நிஜ அத்தைகள் மாதிரியே முதல் மூன்று நாள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. பிறகு பார்த்தால் நான்தான் முகவரியில் ஒரு புள்ளியை விட்டிருக்கிறேன்.

இப்போது சந்தேகம் ஒன்று. நடுவத்தையை வேண்டுமென்றே அணைத்துப் பார்த்தேன். மற்ற இருவரும் குடும்பத்தைச் சமாளிக்கிறார்கள். ஆனால் அவளை மறுபடி எழுப்பினால் உள்ளே சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். கையேட்டில் பக்கத்துக்கொரு வழி சொல்லியிருக்கிறது. பரீட்சையில் இதைத்தான் கேட்பார்களாம். தினமும் இதைச் செய்கிறவள் நீ. நீங்கள் எப்படிச் சேர்க்கிறீர்கள் என்று எழுது, அதையே பிடித்துக்கொள்கிறேன்.

பழைய டிஸ்க் வேறு கிறீச்சிடுகிறது. மூன்று அத்தைகளும் ஒரே நேரத்தில் எழுந்தால் காலைக் காப்பி குடித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. கழித்த டிஸ்க் ஏதும் கண்ணில் பட்டால் பார்.

அன்புடன்
அக்கா

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னி.

டிஸ்க் அனுப்பியிருக்கிறேன். சுழல்கிற வகை இல்லை, எஸ்எஸ்டி. அத்தைகள் துள்ளி எழுந்திருப்பார்கள். இதுவும் ஆபீஸில் கழித்ததுதான். உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, நாங்கள் ஓட்டுகிற மென்பொருளை அப்படியே ஏற்றி வைத்திருக்கிறேன். நீ இறக்கிக்கொண்டிருக்க வேண்டாம், இதிலேயே பழகு.

விழுந்த சர்வரைச் சேர்ப்பதற்கு மற்ற வழிகளையெல்லாம் மற. எழுந்தவளிடம் போய் 'ஜாயின்' என்று மட்டும் அடி, பின்னால் எதையும் சேர்க்காதே. அவள் மற்ற இருவரிடமும் கேட்டு, தான் இல்லாதபோது நடந்ததையெல்லாம் எழுதிக்கொள்வாள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். நூறு தடவை செய்திருக்கிறேன்.

இங்கே வேலையிடத்தில் ஒரே புழுக்கம். நாள் முழுக்க நின்று கால் வீங்கிப்போகிறது. வீட்டுக்கு வந்தால் கையைக் காலை நீட்டத்தான் தோன்றுகிறது. வேறு விசேஷம் இல்லை.

வாலு

மார்ச் 21

அன்புள்ள வாலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் கால் வீக்கம் என்ன ஆயிற்று?

டிஸ்க் வந்த அன்றே மாட்டிவிட்டேன். நீ சொன்ன 'ஜாயின்' மந்திரம் மாதிரி வேலை செய்கிறது. நடுவத்தையை இதுவரை நாற்பது தடவை கொன்று எழுப்பிவிட்டேன். பாவம், முகம் சுளிக்காமல் எழுந்து வருகிறாள். கையேட்டை எடுத்து மேலே வைத்துவிட்டேன். வீட்டிலேயே ஆள் இருக்கும்போது எதற்குக் கையேடு?

உன் கடிதத்தில் ஒன்று புரியவில்லை. சர்வர் அறை ஐஸ் பெட்டி மாதிரி குளிருமே, உனக்கு எங்கிருந்து புழுக்கம் வந்தது? ஏசி கெட்டுவிட்டதா? நிற்கிற வேலையையும் இப்போது உன் தலையில் கட்டிவிட்டார்களா?

அம்மா நேற்றுப் பல் டாக்டரிடம், வாயில் கருவி இருக்கும்போதே, உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். "எங்க சின்னவ ஊருக்கே கம்ப்யூட்டர் ஓட்டுறா, இப்ப அக்காளுக்கும் சேத்து ஓட்டுறா" என்றாள். நான் படிப்பதை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாள். பரீட்சை என்று மட்டும் தெரியும், வேலை போகும் என்று தெரியாது.

ஒரு சிக்கல். அரை மணி ஓடினால் பெட்டி சூடாகித் தானே அணைந்துவிடுகிறது. அம்மாவுக்கு ஒத்தடம் பாதியில் நிற்கிறது, எனக்குப் படிப்பு பாதியில் நிற்கிறது. ஃபேனா, பவர் சப்ளையா? வீட்டில் உன் கம்ப்யூட்டரில் இப்படி ஆகியிருக்கிறதா? நீ இப்போதும் வேலை முடிந்து வந்து அதில் உட்காருகிறாய்தானே?

பரீட்சை மே பதினைந்து.

உன் அக்கா

மே 4

அக்காவுக்கு,

ஏப்ரலில் நீ போட்ட இரண்டு கடிதமும் வந்தன. நலமாக இருக்கிறேன். பதில் எழுத நேரம் அமையவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

ஃபேனும் பவர் சப்ளையும் இதில் இருக்கின்றன. எதில் கோளாறு என்று அங்கே நீ தேடிக்கொண்டிருக்க வேண்டாம், இரண்டையும் மாற்றிவிடு. பழைய ஃபேனைக் கழற்றியதும் அதன் அடியில் காய்ந்துபோன பசை இருக்கும். அதைச் சுரண்டிவிட்டு, ட்யூபில் இருக்கும் புதுப் பசையைப் பட்டாணி அளவு வை. அதிகம் வைக்காதே.

நன்றாகச் செய். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

வாலு

மே 19

அன்புள்ள வாலுக்கு,

நாங்கள் நலம். பெட்டி நன்றாக ஓடுகிறது. பரீட்சையில் நான் தேறவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். மூன்று சர்வரையும் மற்றவர்களுக்கு முன்னால் கட்டி முடித்தேன். பரீட்சையாளர், உன் வயதுதான் இருக்கும், என் பின்னால் வந்து நின்று ஒன்றை அணைத்தார். "இப்ப இதைத் திரும்பச் சேருங்க மேடம்" என்றார். எழுப்பினேன். 'ஜாயின்' அடித்தேன். திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தேன்கூட.

அவர் சிரிக்கவில்லை. "ஐயோ" என்றார்.

விழுந்து எழுந்தவள் மற்ற இருவரையும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. மற்ற இருவரும் அவளைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். அவளிடம் ஒன்றுமில்லை. அதனால் இவர்களிடமும் ஒன்றும் இல்லாமல் போயிற்று. ஊர் முழுதுக்குமான தண்ணீர்க் கணக்கு, பரீட்சைக்கு வைத்த கணக்குதான் என்றாலும், என் கண் முன்னால் மூன்று திரையிலும் காலியாயிற்று.

"அந்தக் கட்டளைய போன வருஷக் கடைசியிலேயே மாத்திட்டாங்களே மேடம்" என்றார். "இப்ப அது தலைகீழா வேலை செய்யும். யார்கிட்டேருந்து எடுக்கணும்னு பின்னால சொல்லணும். கையேட்டுல முதல் பக்கத்துலயே பெருசா போட்டிருக்காங்களே, பாக்கலையா?" அவர் குத்திக் காட்டவில்லை. பரிதாபமாகத்தான் கேட்டார். அது இன்னும் மோசம்.

கூட எழுதிய மூன்று பேரும் தேறிவிட்டார்கள். பஸ்ஸில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்து வந்தேன். அம்மா கேட்டதற்கு "முடிவு வரலை" என்று பொய் சொன்னேன்.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. கையேட்டை மேலே வைத்தது நான்தான். ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் அங்கே இன்னும் பழையதைத்தான் ஓட்டுகிறீர்களா?

அக்கா

ஜூன் 3

வாலு,

இரண்டு வாரமாகிறது. பதில் இல்லை.

போனில் கேட்க முடியாமல் இல்லை. அம்மா குளிக்கும்போது பத்து நிமிஷம் கிடைக்கிறது. கேட்க மனம் வரவில்லை.

டிஸ்கில் நீ ஏற்றிய மென்பொருளின் தேதியைப் பார்த்தேன். போன வருஷம் மே மாதத்தோடு நிற்கிறது. அதற்குப் பிறகு வந்த எதுவும் அதில் இல்லை.

பிறகு டிஸ்கையே பார்த்தேன். உள்ளே இருப்பதை நீ அழித்துவிட்டாய். ஆனால் ஒரு டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை தடவை ஏற்றி அணைத்தார்கள் என்ற கணக்கை யாராலும் அழிக்க முடியாது. நான் ஓட்டியதைக் கழித்துவிட்டுச் சொல்கிறேன்: பதினோராயிரம் மணி நேரம், இரண்டாயிரத்து எண்ணூறு தடவை.

டேட்டா சென்டரில் இருந்த டிஸ்கை யாரும் இரண்டாயிரத்து எண்ணூறு தடவை அணைக்கமாட்டார்கள். மாட்டினால் வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். இது தினமும் ஒரு தடவை ஏற்றி, நாலு மணி நேரம் ஓட்டி, அணைத்த டிஸ்க். ஏழரை வருஷம். இது யாருடைய டிஸ்க் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நீ எங்கே வேலை பார்க்கிறாய்?

அக்கா

ஜூலை 2

அக்கா,

நலம் என்று இந்தத் தடவை எழுதவில்லை.

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையாவது தபால் பெட்டியில் போட்டுவிடுவேன் என்று நினைக்கிறேன்.

எனக்கு வேலை போய்ப் பதிமூன்று மாதம் ஆகிறது. போன வருஷம் ஜூன் முதல் வாரம். எங்கள் பிரிவையே மூடினார்கள். பதினோரு பேரை ஒரு அறையில் உட்காரவைத்து, தண்ணீர் பாட்டில் கொடுத்து, நன்றி சொன்னார்கள். நான் பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது ஒரு சலவைக் கடையில் இருக்கிறேன். வருகிற துணிக்கு எண் சீட்டுக் குத்தி, உள்ளே அனுப்பி, தேய்த்து வந்ததும் எண்ணைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். புழுக்கம் அங்கேதான். கடைக்காரர் நல்ல மனுஷர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் நான் கணக்கில் தப்புப் பண்ணமாட்டேன் என்பதுதான்.

நீ கண்டுபிடித்தது சரி. அது என்னுடைய டிஸ்க். மெமரியும், ஃபேனும், பவர் சப்ளையும் என்னுடையவைதான். மெமரியை அனுப்பியதிலிருந்தே என் கம்ப்யூட்டர் மிச்சமிருந்த ஒரு துண்டு மெமரியில் நொண்டியது, டிஸ்கைக் கழற்றிய அன்று நின்றுவிட்டது. பிறகு வந்ததெல்லாம் அதை உரித்து எடுத்ததுதான். தியாகம் கியாகம் என்று நினைத்துவிடாதே, அப்படி ஒன்றும் இல்லை. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. ஏழரை வருஷம், வேலையிலிருந்து வந்து முகம்கூடக் கழுவாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். புதிது வந்தால் கற்றுக்கொள்ள வேண்டும், பின்தங்கிவிடக் கூடாது என்று. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு வருஷம் மெமரி, அடுத்த வருஷம் டிஸ்க் என்று அதற்கே தீனி போட்டேன். அப்படியும் அந்த அறையில் என்னை உட்காரவைத்துவிட்டார்கள். எனக்குக் கால் ஓய்ந்துவிட்டது அக்கா.

நேர்காணல் ஆறு போனேன். ஆறாவதில் ஒருவர் "இடைவெளியில் என்ன பண்ணினீங்க?" என்று கேட்டார். தூங்கினேன் என்று வாய்வரை வந்தது.

அப்போதுதான் உன் கடிதம் வந்தது. 'நீங்கள் எப்படிச் சேர்க்கிறீர்கள்' என்று கேட்டிருந்தாய். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உலகத்திலேயே உன் கடிதத்தில் மட்டும் நான் இன்னும் இஞ்சினியராக இருந்தேன். அந்த ஒரு இடத்தையும் விட மனசு வரவில்லை. எனக்குத் தெரிந்ததைத்தான் எழுதினேன், ஆனால் அதற்கு ஒரு வயசாகிவிட்டது என்று எனக்கே தெரியவில்லை. உன்னைக் கவிழ்த்துவிட்டேன்.

அம்மாவிடம் சொல்லாதே.

வாலு

ஜூலை 11

வாலுக்கு,

அம்மா நலம். நான் எப்படி இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

உன் கடிதத்தை அலுவலகக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். முதலில் அழுகை வந்தது. வீட்டுக்கு வருவதற்குள் கோபம் வந்துவிட்டது. அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

வேலை போனதற்கு எனக்குக் கோபமில்லை. பொய் சொன்னதற்குக்கூட இல்லை, நானும்தான் அம்மாவிடம் சொல்கிறேன். பதிமூன்று மாதம் நீ தனியாகக் கிடந்திருக்கிறாய், அந்த நேரத்தில் நான் உன்னிடம் ஃபேன் கேட்டிருக்கிறேன். கேட்க வைத்துவிட்டாயே, அதற்குத்தான் கோபம். உன் சோற்றுத் தட்டைப் பிடுங்கித் தின்ற மாதிரி இருக்கிறது எனக்கு.

இன்னொன்றும் சொல்கிறேன். நான் இந்த வயதில் விழுந்து விழுந்து படித்தது வேலைக்காக மட்டும் இல்லை. நீ எனக்கு ஒன்பது வயது இளையவள், எல்லாவற்றிலும் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாய். உன்னை எட்டிப் பிடித்துவிடலாம் என்று பின்னாலேயே ஓடினேன். நீ நின்றுவிட்டாய் என்று எனக்கு யாருமே சொல்லவில்லை.

ஆகஸ்ட் இருபத்தெட்டில் மறு பரீட்சை. கையேட்டை இறக்கி வைத்துவிட்டேன், புது மென்பொருளை இறக்கிவிட்டேன். நீயும் என்னோடு சேர்ந்து படி. இந்தப் பெட்டியை அப்படியே உனக்கு அனுப்பிவிடுகிறேன், நான் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்து பழகிக்கொள்கிறேன். பாடத்தைத் தாளில் எழுதி அனுப்புகிறேன். இரண்டு பேரும் ஒன்றாகக் கரையேறலாம். சரி என்று எழுது.

அக்கா

ஜூலை 25

அன்புள்ள அக்காவுக்கு,

கோபித்துக்கொண்டதற்கு நன்றி. ரொம்ப நாளாக என்மேல் யாரும் கோபப்படவில்லை.

பெட்டியை அனுப்பாதே. அனுப்பினால் பிரிக்காமல் திருப்பிவிடுவேன். நான் படிக்கமாட்டேன் அக்கா. இப்போதைக்கு முடியாது, எப்போதுமே முடியாதா என்று தெரியவில்லை. கடையில் ஒரு சட்டைக்குக் குத்திய எண் சாயங்காலமும் அதே எண்ணாக இருக்கிறது. மறுநாள் வந்து, அந்த எண் இப்போது தலைகீழாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு அது கொஞ்ச நாளைக்கு வேண்டும்.

நீ படி. என்னை எட்டிப் பிடிக்க வேண்டாம், என்னைத் தாண்டிப் போ. உண்மையில் எப்போதோ தாண்டிவிட்டாய்.

என் பெட்டியில் என்ன மிச்சம் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வெறும் டப்பா. கடையில் மேசை ஆடிக்கொண்டிருந்தது, கொண்டுபோய் முட்டுக்கொடுத்துவிட்டேன். உறுதியாக நிற்கிறது.

அம்மாவுக்கு நான் நலம்.

வாலு

செப்டம்பர் 5

அன்புள்ள வாலுக்கு,

நானும் அம்மாவும் நலம். முழங்காலும் நடமாடுகிறது.

தேறிவிட்டேன். அதே பரீட்சையாளர்தான். அணைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார், பயமாக இருந்திருக்கும். கட்டளையை அடித்துவிட்டு, எண்டரைத் தட்டுவதற்கு முன்னால் மூன்று தடவை படித்தேன். மூவரும் ஒரே கணக்கைச் சொன்னார்கள். "சரியா இருக்கு மேடம்" என்றார். எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றவில்லை. மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம். அதற்குள் இதுவும் பழசாகிவிடும், எனக்கும் ஐம்பத்தொன்று ஆகிவிடும். அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

நீ சொல்லாதே என்றாய், நான் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவதென்றால் திட்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று, என் பரீட்சையையும் உன் வேலையையும் சேர்த்தே சொன்னேன். ஊரெல்லாம் சின்னவள் புராணம் பாடியவளாயிற்றே, இடிந்துபோய்விடுவாள் என்றுதான் நான் பயந்தேன். நீயும் அதற்குத்தான் பயந்தாய். பெருமை போயிற்றே என்று ஒரு வார்த்தை வரவில்லை. கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள், ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

பிறகு கேட்டாள்: "ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா. பத்து நிமிஷம் பேசுவா. 'மீட்டிங் இருக்கும்மா'ன்னு வெச்சிடுவா. மீட்டிங்கே இல்லையா அப்போ?"

"இல்லம்மா" என்றேன்.

"போன வெச்சுட்டு அவ்ளோ நேரமும் தனியாவா உக்காந்திருந்தா?"

அம்மா இரண்டு நாளாக அதையே திருப்பித் திருப்பிக் கேட்கிறாள். நீ வந்து சொல். கடைக்காரரிடம் ஒரு வாரம் லீவு கேள், கொடுப்பார். வெள்ளிக்கிழமை காலை வண்டிக்கு நான் ஸ்டேஷனுக்கு வந்து நிற்பேன்.

உன் அக்கா